கீழே மட்டும் அடி

எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுசாகத் திருகி, முதல் முறையாக வாசித்த சாயங்காலம் கீழ் வீட்டு மாமி படியேறி வந்தார். "என்னப்பா, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையான அக்கறை. பக்கத்துத் தெருவில் நல்ல மெக்கானிக் இருப்பதாகவும் சொன்னார். மேற்கு மாம்பலத்தில் அந்த மாடிக்குக் குடி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரரும் அவரே என்பதால், "ஆமாம் மாமி, பார்க்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எனக்கு அப்போது 33 வயது. முரட்டு வேகத்தில் வாசிக்கும் பங்க் ராக் இசையைக் கற்க ஆரம்பிக்கிற வயது இல்லைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தபோது இரண்டு வருடம் அக்கூஸ்டிக் கிட்டார் கற்றிருந்தேன். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். நம் ஊரில் கிட்டாரோடு எந்த வீட்டுக்குப் போனாலும் 'இளைய நிலா' வாசி என்றுதான் கேட்பார்கள். நானும் அதைப் பாதி வரை விரலால் மீட்டக் கற்று, மீதியைச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கல்லூரி, வேலை. கிட்டார் பரணுக்குப் போனது.

பல வருடம் கழித்து ஒரு நாள் மின்சார ரயிலில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். 1976-இல் நியூயார்க்கில் பதிவு செய்தது. மாம்பலத்தில் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் 14 பாட்டும் முடிந்துவிடுகிறது. மொத்தமே 29 நிமிடம். விரல்கள் கிட்டாரின் கழுத்தில் ஓடி விளையாடும் சோலோ (தனி வாசிப்பு) எதுவும் இல்லை. ஏதோ ஒரு இயந்திரத்தைத் தட்டிவிட்டு, முடிந்ததும் அணைத்துவிட்டது போல இருந்தது. இது நமக்கு ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க ஒரு படமும் காரணம். 1977 ஜனவரியில் இங்கிலாந்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற ரசிகர் இதழ், ஏ, ஈ, ஜி என்று மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எப்படிப் பிடிப்பது என்று கையால் கிறுக்கி வரைந்து, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி போய்க் குழு ஆரம்பி என்று அச்சிட்டது. பங்க் பற்றிப் பேசும் எவரும் அதைக் காட்டாமல் விடுவதில்லை. நானும் மயங்கினேன். அந்தப் படத்தில் இருப்பது முழுக்க இடது கையின் வேலை. வலது கைக்கு என்று அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைக் கவனிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

இடது கை நிஜமாகவே ஒரு வாரத்து வேலைதான். பவர் கார்டு என்பதில் இரண்டே சுரம், ச-வும் ப-வும். விரும்பினால் மேல் ச-வைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரல் ஒரு ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு), மோதிர விரல் அடுத்த கம்பியில் இரண்டு ஃபிரெட் தள்ளி, அவ்வளவுதான். இந்த வடிவத்தை அப்படியே கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் எல்லாக் கார்டும் கிடைத்துவிடும். சின்ன வயதில் பாட்டு கற்ற என் அக்காவிடம் இதை விளக்கியபோது, "அட, தம்புரா சுருதிடா இது" என்றாள். அதுதான் சரியான விளக்கம் என்று இன்றும் நினைக்கிறேன். தம்புராவில் காந்தாரம் மீட்டுவதில்லை; பவர் கார்டிலும் காந்தாரம் கிடையாது. அதனால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை.

காந்தாரத்தை விட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. டிஸ்டார்ஷன் என்பது ஒலியலையின் தலையை வெட்டுவது. அப்படி வெட்டும்போது, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் முளைக்கும். ச, ப இரண்டின் அதிர்வும் கிட்டத்தட்ட 2-க்கு 3 என்ற விகிதம். கழித்தால் 1, அதாவது கீழ் ஸ்தாயி ச. யாரும் வாசிக்காத ஒரு கனத்த ச அடியிலிருந்து எழும்பி வரும். கிட்டாரில் ஃபிரெட் அமைந்திருக்கும் முறையில் காந்தாரம் இயல்பான சுருதியைவிடக் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். அதையும் உள்ளே விட்டால் முளைக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கரகரக்கும். மாமிக்குக் கேட்ட மிக்ஸி சத்தம் அதுதான். நான் பழக்கதோஷத்தில் முழு ஈ மேஜரை, காந்தாரத்தோடு, உச்ச டிஸ்டார்ஷனில் அடித்திருக்கிறேன்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. ரமோன்ஸின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் பெரும்பாலும், ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும், காந்தாரமும் சேர்ந்த முழு பார் கார்டுதான் பிடித்தார். அவருக்கு அது கரகரப்பாகக் கேட்காததற்குக் காரணம் ஆம்ப்பில் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பவர் கார்டு வந்த பிறகும் என் வாசிப்பு பங்க் போல இல்லை. சுருதி சரி, வேகமும் ஓரளவு சரி. ஆனால் ஏதோ மார்கழி பஜனைக்குப் பின்னால் ஜால்ரா தட்டுவது போல ஜிங்கு ஜிங்கு என்று இருந்தது. நாலு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். ஆம்ப்பை மாற்றிப் பார்த்தேன், கம்பியை மாற்றிப் பார்த்தேன், வீண் செலவு. கடைசியில் பழைய மாஸ்டரைத் தேடிப் போனேன். அறுபதைத் தாண்டியிருந்தார். ரமோன்ஸ் என்ற பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் இயர்போனின் ஒரு முனையை அவர் காதிலும் இன்னொன்றை என் காதிலுமாக வைத்து அந்த ரமோன்ஸ் ஆல்பத்தில் உள்ள 'பிளிட்ஸ்கிரீக் பாப்' பாட்டைப் போட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"டேய், இவன் மேல அடிக்கவே இல்லையேடா. எல்லாம் கீழயே அடிக்கிறான். உனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணமும் வேடிக்கையானது. அந்த ஆல்பத்தில் கிட்டார் முழுக்க வலது பக்கம், பேஸ் கிட்டார் முழுக்க இடது பக்கம். டிரம்ஸும் பாட்டும் நடுவில். அவர் காதில் இருந்தது வலது முனை. முனைகளை மாற்றிக்கொண்டு கேட்டேன். கிட்டார் மட்டும் தனியாக, தோலை உரித்து வைத்தது போல நின்றது. ஜட்-ஜட்-ஜட்-ஜட். ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழ். இதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு காரியம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்: அந்த ஆல்பத்தை வலது காதில் மட்டும் மாட்டி ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். நாலு மாத வீடியோ பாடங்களில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

மேல்-கீழாக அடித்தால் என்ன ஆகிறது என்று மாஸ்டர் என் கையைப் பிடித்தே காட்டினார். கீழ் அடியில் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) முதலில் தடித்த கம்பியைத் தொடும், மேல் அடியில் மெல்லிய கம்பியை. அதனால் ஒன்று கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். மெல்லிசைக்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும், அதுதான் நடை. இங்கே எட்டு அடியும் ஒரே எடையில் சுவரில் செங்கல் வைப்பது போல விழ வேண்டும்.

சரி, கீழேயே அடித்துவிடலாம் என்றால், வேகம்? அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 175 தாளத்தை ஒட்டி ஓடுகிறது. தாளத்துக்கு இரண்டு அடி. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஆறு கீழ் அடி, இரண்டு நிமிடத்துக்கு மேல். கை கீழே போனால் மேலே வந்துதான் ஆக வேண்டும். அந்தத் திரும்பும் பயணத்தில் சத்தம் இல்லை என்பதுதான் வித்தியாசம். எனக்கு முப்பதாவது நொடியில் முன்கை கல்லாகிவிட்டது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். வலித்தால் வளர்கிறது என்று ஜிம் கணக்குப் போட்டு, தினமும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். மூன்றாவது வாரம் காலையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் கட்டை விரலின் அடியில் அழுத்தினார், உயிர் போனது. தசைநாண் வீங்கியிருந்தது. கிட்டார் இல்லாமல் ஒரு பேனாவைக் கொடுத்து, வாசிப்பது போலச் செய்யச் சொன்னார். பார்த்துவிட்டு, "சார், பேனாவ எதுக்கு இப்படி நெரிக்கிறீங்க? அது ஓடிப் போகாது" என்றார். ஆறு வாரம் கிட்டாரைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு கற்றதுதான் உண்மையான கற்றல். பிக்கைச் சாவி பிடிப்பது போலப் பிடித்தால் போதும். அடிக்கும் நொடியில் கெட்டி, அடுத்த கணம் தளர்வு. பிக்கின் நுனி விரலுக்கு வெளியே மூன்று நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் கம்பியில் ஆழமாக மாட்டும், மாட்டினால் கை தானாக இறுகும். அசைவு முழங்கையில் பிறந்தால் சீக்கிரம் களைப்பு. மணிக்கட்டில், சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறுவோமே, அந்த அளவு அசைவு போதும். எனக்குத் தோள்தான் காட்டிக்கொடுக்கும். வேகம் கூடும்போது வலது தோள் காதை நோக்கி ஏறிவிடும். ஏறியது தெரிந்தால் நிறுத்திவிடுவேன். இன்னொன்று, மூச்சு. பத்து பேரில் எட்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள் என்று மாஸ்டர் சொல்வார். கணக்கு அவருடையது, ஆனால் நான் அந்த எட்டில் ஒருவன்.

பயிற்சியை, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 110 தாளம் என்று ஆரம்பித்தேன். நாலு ஆவர்த்தனம் அடி, நாலு ஆவர்த்தனம் சும்மா இரு. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் கையைத் தொங்கவிட்டு உதறுவதும் பயிற்சியில் சேர்த்திதான். மொத்தம் இருபது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. வாரத்துக்கு நாலு புள்ளிதான் ஏற்றினேன். முன்கையில் சூடு பரவினால் அன்றைக்குக் கடை மூடியாகிவிட்டது என்று அர்த்தம். 150 வரை ஒழுங்காக ஏறியது. அங்கிருந்து 175-க்கு வர ஏழு மாதம். நடுவில் 160-இல் இரண்டு மாதம் நகரவே இல்லை. அந்த இரண்டு மாதமும் ஆம்ப் இல்லாமல், காய்ந்த சத்தத்தில் வாசித்தேன். டிஸ்டார்ஷன் போட்டால் எல்லா அடியும் ஒரே அளவாகத் தெரியும், அது பொய். ஆம்ப்பை அணைத்தால்தான் எந்த அடி நொண்டுகிறது என்று தெரியும். மாமிக்கும் நிம்மதி.

பாம் மியூட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைப் பிரிட்ஜ் மேல், கம்பி எழும்பும் இடத்தில் வைத்து, ஒலியைக் கொஞ்சம் அமுக்கி அடிப்பது. சில மில்லிமீட்டர் முன்னால் போனால் கட்டையைத் தட்டுவது போலச் செத்த சத்தம், பின்னால் போனால் ஒன்றுமே மாறாது. அந்த இடத்தைக் கண்ணால் தேடாமல் கையே போய் உட்கார வேண்டும். நான் பாட்டின் முதல் பாதியில் கையை வைத்தும், பல்லவி வரும்போது எடுத்தும் பழகினேன். கையை எடுத்ததுமே ஜன்னலைத் திறந்தது போல அறை நிறைந்துவிடும். சத்தத்தைக் கூட்ட வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. ஜானி ரமோன் 1974-இல் ஐம்பது டாலர் சொச்சத்துக்கு மோஸ்ரைட் கிட்டார் ஒன்றை வாங்கினார், அவர் கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது அது. அதனால் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பிக் 0.73 அல்லது 0.88 மில்லிமீட்டர். கம்பியின் தடிமன் பத்தில் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) ஆரம்பிக்கும் செட் பலமான அடியில் சுருதி பிசகியதால் நான் பதினொன்றுக்கு மாறினேன். சென்னை வியர்வைக்குக் கம்பி இரண்டே வாரத்தில் கறுக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் ஒன்றரை மாதம் தாங்குகிறது. ஸ்ட்ராப்பை ஜானி போலத் தொடை வரை இறக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் அற்புதமாக இருந்தது. இடது மணிக்கட்டு மடங்கி ஒரு கார்டும் பிடிபடவில்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே என்று சமரசம் ஆனது. உட்கார்ந்தே பழகிவிட்டு ஜாம் ரூமில் (குழுவாக வாசித்துப் பழகும் வாடகை அறையில்) நின்று வாசிக்கப் போனால் கை எல்லாவற்றையும் மறந்துவிடும், ஆகவே முதல் நாளிலிருந்தே நின்று வாசியுங்கள்.

இன்னொரு விஷயம், எர்த். எங்கள் பழைய வீட்டில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தது, மூன்றாவது துளை வெறும் அலங்காரம். கம்பியைத் தொட்டபோது சுள்ளென்றது. ஆம்ப் கோளாறு என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து சுவரைத் திறந்து காட்டிய பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. லேசாக அடித்தாலும் அலட்சியம் வேண்டாம். ஒரு கை கிட்டாரிலும் வாய் மைக்கிலும் இருக்கும்போது அது விளையாட்டில்லை.

இப்போது ஆம்ப்புக்கு வருகிறேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போது எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) உச்சம், பேஸ் (கீழ் ஒலி) உச்சம், ட்ரெபிள் (மேல் ஒலி) உச்சம், மிட் (நடு ஒலி) பூஜ்யம். காதுக்கு இனிமை. அதே அமைப்போடு முதல் முறை ஜாம் ரூமுக்குப் போனேன். டிரம்ஸ் வாசிக்கும் பையன் கல்லூரி மாணவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் ஆரம்பித்ததும் என் கிட்டார் காணாமல் போனது. அறை முழுக்க ஏதோ கொதிக்கிறது, கார்டு மாறுவது மட்டும் தெரியவில்லை. சிம்பல் மேலே, பேஸ் கிட்டார் கீழே இடம் பிடித்துக்கொள்கின்றன. கிட்டாருக்கு மிஞ்சுவது நடு இடம், அதைத்தான் நான் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். மிட்டை ஏற்றி, பேஸைக் குறைத்து, கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கி, சத்தத்தை மட்டும் கூட்டினேன். கிட்டார் வந்துவிட்டது. ஜானி முழு பார் கார்டு பிடித்தும் தெளிவாகக் கேட்டதன் ரகசியமும் இதுதான்: மார்ஷல் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்தார், அதில் இயல்பாக வந்த உறுமல் மட்டுமே. அதற்குள் ஆறு கம்பியும் பிரிந்து கேட்கும்.

அந்த அறையில் வாங்கிய இரண்டாவது அடி இது. பையன் பாதியில் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, நீங்க நிறுத்தவே மாட்டேங்கறீங்க" என்றான். பாட்டில் எல்லோரும் ஒரு கணம் நின்று மறுபடி பாயும் இடம். நான் அடிப்பதை நிறுத்தியிருந்தேன், கிட்டார் நிறுத்தவில்லை. டிஸ்டார்ஷனில் கம்பி தானாக முனகிக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் படுக்கப் போட்டு, இடது கை விரல்களையும் அழுத்தாமல் மேலே கிடத்தினால்தான் வாயடைக்கும். அன்று பாட்டே வாசிக்கவில்லை. நாலு அடி, நிறுத்தம், நாலு அடி, நிறுத்தம் என்று நாற்பது நிமிடம். மணிக்கு 400 ரூபாய் வாடகை கொடுத்துச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கீழ் அடியே பங்க் என்று மதம் பிடித்துத் திரிந்த காலமும் போய்விட்டது. லண்டனின் தி கிளாஷ் குழு ஜமைக்காவின் ரெக்கே தாளத்தைப் பங்க்குக்குள் கொண்டுவந்தது. அங்கே தாளத்துக்கு நடுவில், குட்டையாக வெட்டி வெட்டி அடிக்க வேண்டும். அந்தக் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களின் கிட்டாரை அப்படியே வாசித்தார். ஆறு கம்பியையும் ஒன்றாக அடிக்கத் தெரியும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது என்று தன் பெயருக்குத் தானே காரணம் சொன்னவர் ('ஸ்ட்ரம்' என்றால் கம்பிகளைச் சேர்த்து அடிப்பது). மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 தொடக்கத்தில் வெளியிட்ட இசைத்தட்டில் பீட் ஷெல்லி வாசித்த சோலோவில் இரண்டே சுரம் திரும்பத் திரும்ப வரும், கேட்பவருக்கு எரிச்சல் வந்து, அது சிரிப்பாகும் வரை. எனக்கு வாசிக்க வந்த முதல் சோலோ அதுதான். இன்றைக்கும் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

சொந்தமாகத் தமிழில் ஒரு பாட்டு கட்டியபோது புதுச் சிக்கல் வந்தது. நொடிக்கு ஆறு அடி விழும் இடத்தில் நெடில் நிறைந்த சொற்கள் இழுத்துக்கொண்டு பின்தங்குகின்றன. 'வானம்', 'கானம்' எல்லாம் அங்கே நொண்டும். 'கட்டடம்', 'பட்டறை', 'எட்டு மணி வெட்டு' என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் டிரம்ஸோடு சேர்ந்து தாமே தட்டுகின்றன. மின்வெட்டு பற்றிய அந்தப் பாட்டு ஒரு நிமிடம் நாற்பது நொடி. எங்கேயும் வெளியிடும் உத்தேசம் இல்லை.

மூன்று வருடம் ஆகிறது. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு நானே வைத்துக்கொள்ளும் பரீட்சை ஒன்று உண்டு. 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் ரமோன்ஸ் வாசித்த கச்சேரியின் பதிவு: 28 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, ஸ்டூடியோவில் வாசித்ததைவிட வேகம். பாட்டுக்குப் பாட்டு மூச்சு வாங்க நேரம் தராமல் பேஸ் வாசிப்பவர் ஒன்று, இரண்டு என்று எண்ணி அடுத்ததில் குதித்துவிடுவார். அதோடு சேர்ந்து எது வரை தாங்குகிறேன் என்று பார்ப்பது. முதல் வருடம் இரண்டாவது பாட்டில் விழுந்தேன். இப்போது ஒன்பது வரை வந்திருக்கிறது. பத்தாவதில் தோள் காதுக்கு ஏறும், நான் ஆம்ப்பை அணைத்துவிடுவேன்.

போன வாரம் அலுவலகத்தில் அலைச்சல், ஆறாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். மாடிப்படியில் மாமி வந்து நின்றார்.

"என்னப்பா, இன்னிக்கு மூணு பாட்டு குறையறதே. உடம்பு சரியில்லையா?"